ஹாலிஃபாக்ஸ் கடல் அருங்காட்சியகம்: டைட்டானிக் பார்க்கப் போனோம், அப்பா தந்திக் கருவி முன்னால் நின்றுவிட்டார்

போன கோடையில் அப்பா மானாமதுரையிலிருந்து எங்களைப் பார்க்க டொராண்டோ வந்திருந்தார். நயாகரா காட்டியாகிவிட்டது, சி.என். டவர் காட்டியாகிவிட்டது, அடுத்து எங்கே கூட்டிப் போவது என்று யோசித்தபோது மகள்தான் கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கிற ஹாலிஃபாக்ஸ் என்றாள். அவளுக்கு எட்டு வயது. டைட்டானிக் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். கப்பலின் நீளம், அகலம், நான்காவது புகைபோக்கி பெரும்பாலும் காற்றோட்டத்துக்குத்தான் பயன்பட்டது என்பது வரைக்கும் ஒப்பிப்பாள். அதனால் டைட்டானிக்குக்காகத்தான் அட்லாண்டிக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஒரு நாள் போதும் என்று நினைத்துப் போய், மறுநாளும் திரும்பப் போனோம். போகலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்டிப்பாகப் போங்கள், முடிந்தால் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள்.

ஏன் ஹாலிஃபாக்ஸ் என்று பலருக்குத் தோன்றும். கப்பல் கட்டப்பட்டது பெல்ஃபாஸ்டில், கிளம்பியது சவுத்தாம்ப்டனில், போக வேண்டியது நியூயார்க்குக்கு. 1912 ஏப்ரல் 15 அதிகாலை 2.20க்குக் கப்பல் மூழ்கியது. பிழைத்த எழுநூற்றுச் சொச்சம் பேரை கார்பேத்தியா என்ற கப்பல் ஏற்றிக்கொண்டு நியூயார்க் போய்விட்டது. இறந்தவர்களைத் தேடி முதலில் போன கப்பல்கள் கிளம்பியது ஹாலிஃபாக்ஸிலிருந்து. மூழ்கிய இடத்துக்குப் பக்கத்தில், ரயில் வசதியும் உள்ள பெரிய துறைமுகம் இதுதான். உயிரோடு இருந்தவர்கள் ஓர் ஊருக்கும் இறந்தவர்கள் வேறோர் ஊருக்கும் போனார்கள். அந்த இரண்டாவது ஊரின் கதையைச் சொல்கிற இடம் இது. அதனால், பளபளக்கும் படிக்கட்டு, விருந்து மேசை, வைர நெக்லஸ் எல்லாம் எதிர்பார்த்துப் போனால் நீங்கள் தேடுவது இங்கே கிடைக்காது.

அருங்காட்சியகம் துறைமுகக் கரையிலேயே, லோயர் வாட்டர் தெருவில் இருக்கிறது. உள்ளே பழைய காலத்துக் கப்பல் சாமான் கடை ஒன்றை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ராபர்ட்சன் கடை என்று பெயர். கயிறு, கொக்கி, கப்பி, லாந்தர் விளக்கு, தார் பூசிய வடம் என்று ஒரு கப்பலுக்கு வேண்டிய எல்லாம் அடுக்கி இருக்கும். அந்தத் தார் வாசனை உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறும். அப்பா ஒரு நிமிடம் கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, “பாம்பன்ல படகுக்கு அடிக்கிற வாசனை மாதிரியே இருக்கும்மா” என்றார். நேராக டைட்டானிக் பகுதிக்கு ஓடுவதற்கு முன்னால் இந்தக் கடையில் பத்து நிமிடம் நில்லுங்கள். மரமும் கயிறும் இரும்பும் கையில் பிடித்து வேலை செய்த ஆட்களின் உலகம் இது என்று புரிந்துவிட்டால், மற்றதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

டைட்டானிக் பகுதி அளவில் பெரியது இல்லை. ஆனால் அங்கே இருக்கிற பொருள்கள் எல்லாமே கடலில் மிதந்தவை, 1912இல் உடல்களைத் தேடிப் போனவர்கள் கையால் எடுத்து வந்தவை. 1985இல் கண்டுபிடிக்கப்பட்ட கப்பலின் சிதைவிலிருந்து எடுத்த எதையும் இங்கே வைப்பதில்லை, அது கல்லறை, அதைத் தொடக் கூடாது என்பது இவர்கள் கொள்கை. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. உலகம் முழுக்கச் சுற்றி வரும் சில கண்காட்சிகளில் கடலடியிலிருந்து தோண்டி எடுத்த தட்டையும் கோப்பையையும் விளக்கு வெளிச்சத்தில் வைத்துக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே மனம் ஒட்டவே இல்லை.

இங்கே ஒரு டெக் நாற்காலி இருக்கிறது. மேல்தளத்தில் வெயில் காயப் போடும் மர நாற்காலி, முழுசாக, காலும் கையும் ஒடியாமல். மினியா என்ற கப்பலில் ஈமச் சடங்கு செய்யப் போன பாதிரியாருக்கு நன்றியாகக் கொடுக்கப்பட்டது அது. பக்கத்தில் அதன் நகல் ஒன்றும் இருக்கிறது, அதில் உட்காரலாம். மகள் உட்கார்ந்தாள். முதலில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவள், கொஞ்ச நேரத்தில் அசல் நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் மர வேலைப்பாடுகள். முதல் வகுப்பு ஓய்வறையின் வாசல் நிலைக்கு மேலே இருந்த ஓக் மரச் செதுக்கல் ஒன்று இருக்கிறது, இழைத்த பூக்களும் இலைகளும் இன்றைக்குச் செய்தது போல் இருக்கின்றன. இது எப்படி மேலே மிதந்து வந்தது என்று யோசித்தால் ஒரு விஷயம் விளங்கும். கப்பல் கடைசி நேரத்தில் இரண்டாக உடைந்தது, உடைந்த இடம் அந்த ஓய்வறைக்குப் பக்கம். பிழைத்தவர்களில் பலர் கப்பல் உடைந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று சொல்லியும் 1912 விசாரணைகளில் அது எடுபடவில்லை, முழுசாகத்தான் மூழ்கியது என்று எழுதிவிட்டார்கள். 1985இல் இரண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குச் சாட்சியாக இந்த மரத்துண்டு இந்த ஊரில் எழுபது வருடத்துக்கும் மேலாகக் கிடந்திருக்கிறது.

மிதந்த மரத்தை மாலுமிகள் வீணாக்கவில்லை. மினியா கப்பலின் தச்சர் அதில் கிரிபேஜ் என்ற சீட்டாட்டத்துக்குப் புள்ளி குறிக்கிற பலகை செய்திருக்கிறார். சடலம் தேடிப் போன ஒரு மனிதர், அந்த மரத்தை இழைத்து, துளை போட்டு, விளையாட்டுப் பலகை செய்திருக்கிறார். முதலில் எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. அப்பாதான் சொன்னார்: “கையில வேலை இருந்தாத்தான் அந்த மாதிரி நேரத்துல மனுசன் உடைஞ்சு போகாம இருப்பான்.” அது சரியாக இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

சரி, இந்த இடத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், அந்தத் தேடல் வேலையைச் சொல்கிற பகுதியில். மெக்கே-பென்னட் என்பது கேபிள் கப்பல், அதாவது கடலுக்கு அடியில் போகும் தந்திக் கம்பி அறுந்தால் தேடிப் பிடித்து ஒட்டுகிற கப்பல். அதை வாடகைக்கு எடுத்து, சவப்பெட்டிகளும் டன் கணக்கில் ஐஸும் உடல் பதப்படுத்தும் மருந்தும் ஏற்றி, ஒரு பாதிரியாரையும் பதப்படுத்தும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஏப்ரல் 17ஆம் தேதி அனுப்பினார்கள். கேப்டன் லார்ண்டரும் அவர் ஆட்களும் அங்கே போய்ப் பார்த்தபோது, கொண்டு போனது எதுவும் போதவில்லை. அந்த ஒரு கப்பல் மட்டும் 306 உடல்களை எடுத்தது. மினியா 17, மான்ட்மேக்னி 4, அல்ஜெரின் 1. இந்த நான்கு கப்பல்களும் சேர்ந்து 328. இறந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்பதை வைத்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு கொஞ்சம் சொச்சம்தான்.

படகை இறக்கி, அலையில் துடுப்புப் போட்டுப் போய், உயிர்க்காப்பு அங்கியோடு மிதக்கிற உடலைத் தூக்கிப் படகில் போட்டு, கப்பலுக்குக் கொண்டு வந்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். எந்த வரிசையில் எடுத்தார்களோ அந்த எண். அதே எண் எழுதிய ஒரு துணிப்பையில் அவர் சட்டைப்பையில் இருந்த கடிகாரம், சாவி, கடிதம், சில்லறை எல்லாவற்றையும் போட்டுக் கட்டினார்கள். நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக ஆணா பெண்ணா, வயது எவ்வளவு இருக்கும், முடி என்ன நிறம், என்ன உடுப்பு, பச்சை குத்தியிருக்கிறதா என்று எழுதினார்கள். ஜான் பார்ன்ஸ்டெட் என்ற ஹாலிஃபாக்ஸ் அதிகாரி வகுத்துக் கொடுத்த முறை இது. இன்றைக்குப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் கடலில் கிடைத்த, முகம் தெரியாத ஒருவரை அவர் சொந்தக்காரர் பின்னால் வந்து கண்டுபிடிப்பதற்கு இதைவிட்டால் வழி கிடையாது. அந்தத் துணிப்பைகளில் ஒன்று இங்கே காட்சிக்கு இருக்கிறது. சாதாரணக் கித்தான் பை, மேலே எண். நம் ஊரில் அரிசி கடைக்கு எடுத்துப் போகும் பையைவிடச் சின்னது. நான் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன்.

வகுப்பு வித்தியாசத்தை இந்த இடம் மறைக்காமல் சொல்கிறது, அதற்காகவும் பாராட்ட வேண்டும். பதப்படுத்திய உடலைத்தான் துறைமுகத்துக்குள் கொண்டு வரலாம் என்பது விதி. மருந்து போதவில்லை. அப்போது யாரைக் கரைக்குக் கொண்டு போவது, யாரைத் திரும்பக் கடலில் விடுவது? முதல் வகுப்புக்காரர்களை வைத்துக்கொண்டார்கள். சொத்துத் தகராறு வந்தால் உடல் சாட்சியாக வேண்டுமே என்பது அப்போது சொன்ன காரணம். மெக்கே-பென்னட் கப்பலிலிருந்து 116 பேரைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்புப் பயணிகளும் கப்பல் ஊழியர்களும். ஏப்ரல் 30ஆம் தேதி கப்பல் திரும்பி வந்தபோது ஊர் முழுக்க மணி அடித்தது. அன்றைக்கு முதல் வகுப்புக்காரர்கள் சவப்பெட்டியில் இறங்கினார்கள், இரண்டாம் மூன்றாம் வகுப்புக்காரர்கள் கித்தான் பையில், ஊழியர்கள் வெறும் ஸ்ட்ரெச்சரில். செத்த பிறகும் டிக்கெட் விலை கூடவே வந்திருக்கிறது. படிக்கும்போது எனக்குக் கோபமாக வந்தது. ஒன்று சொல்ல வேண்டும், அந்தக் கோபம் மாலுமிகள் மேல் இல்லை. அவர்கள் செய்த இன்னொரு காரியத்தையும் இங்கேயே பார்க்கலாம்.

நான்காவதாகக் கிடைத்த உடல் ஒரு குழந்தை. பொன்னிற முடி, இரண்டு வயது இருக்கலாம் என்று எழுதினார்கள். யாரும் தேடி வரவில்லை. மெக்கே-பென்னட் மாலுமிகள் தங்கள் காசைப் போட்டு அந்தக் குழந்தைக்குக் கல் வைத்தார்கள், மே 4ஆம் தேதி அவர்களே சவப்பெட்டியைத் தூக்கிப் போனார்கள். அந்தக் குழந்தையின் காலணிகள் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பழுப்புத் தோல் ஷூ, ஒரு ஜோடி. என் உள்ளங்கையில் இரண்டும் அடங்கும். இறந்தவர்களின் துணிமணிகளை நினைவுப்பொருள் வியாபாரிகள் திருடி விற்றுவிடக் கூடாது என்று எரித்துவிட உத்தரவு. காவலுக்கு நின்ற கிளாரன்ஸ் நார்த்தோவர் என்ற போலீஸ் சார்ஜன்ட் எல்லாவற்றையும் எரித்தார், இந்த ஷூவை மட்டும் நெருப்பில் போட அவருக்கு மனம் வரவில்லை. யாராவது சொந்தக்காரர் வரலாம் என்று தன் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். யாரும் வரவில்லை. குடும்பத்தோடேயே இருந்து, 2002இல் அவர் பேரன் இங்கே கொடுத்தார்.

அந்த ஷூதான் பின்னால் ஒரு தவறைத் திருத்தியது. வெகு காலம் அந்தக் குழந்தையை ஸ்வீடன் நாட்டு பால்சன் குடும்பத்துப் பிள்ளை என்று நினைத்தார்கள், அவன் தாயின் கல்லறையும் பக்கத்திலேயே இருக்கிறது. 2001இல் கல்லறையைத் திறந்தபோது கிடைத்தது ஒரு சின்ன எலும்புத் துண்டும் மூன்று பற்களும்தான். டி.என்.ஏ. பரிசோதனையில், இது ஃபின்லாந்துக் குழந்தை எய்னோ பானுலா, 13 மாதம் என்று 2002இல் அறிவித்தார்கள். ஆனால் ஷூவோ 13 மாதக் குழந்தைக்குப் பெரியது. மறுபடி சோதித்தார்கள். 2007இல் வந்த முடிவுதான் நிலைத்தது: சிட்னி லெஸ்லி குட்வின், இங்கிலாந்துக்காரக் குழந்தை, 19 மாதம். அப்பா அம்மா, ஆறு பிள்ளைகள் என்று எட்டுப் பேர் மூன்றாம் வகுப்பில் வந்தார்கள், அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் ஊருக்கு வேலைக்காக. எட்டுப் பேரும் இறந்தார்கள். அந்தக் குடும்பத்தில் உடல் கிடைத்து அடையாளம் தெரிந்தது இவன் ஒருவன்தான், அதுவும் 95 வருடம் கழித்து. பிரிட்டிஷ் விசாரணையின் கணக்குப்படி மூன்றாம் வகுப்பில் வந்த 79 குழந்தைகளில் 27 பேர்தான் பிழைத்தார்கள், இரண்டாம் வகுப்பில் வந்த 24 குழந்தைகளும் பிழைத்தார்கள்.

அதற்கு முந்தின மாதம்தான் நாங்கள் அப்பாவை நயாகராவுக்குக் கூட்டிப் போயிருந்தோம். மகள் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, லேஸ் கட்டத் தெரியாத வயசு, வேற யாரோதான் போட்டு விட்டிருக்காங்க” என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தப் பகுதியை முதலிலேயே தெரிந்துவைத்துக்கொண்டு போவது நல்லது. மறைக்கச் சொல்லவில்லை, கூட இருந்து பேசுங்கள்.

அடுத்தது ஹாலிஃபாக்ஸ் வெடி விபத்துப் பகுதி. டைட்டானிக் பெயரைக் கேட்டு வருகிற பலர் இதை அரை நிமிடத்தில் கடந்து போவதைப் பார்த்தேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். என்னைக் கேட்டால் இந்தக் கட்டடத்தில் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் இது.

1917 டிசம்பர் 6, முதல் உலகப் போர் நடக்கும் நேரம். மான்ட் பிளாங் என்ற பிரெஞ்சுக் கப்பல் முழுக்க வெடிமருந்து: 2,300 டன்னுக்கு மேல் பிக்ரிக் அமிலம், டி.என்.டி., துப்பாக்கிப் பஞ்சு, போதாததற்கு மேல்தளத்தில் பென்சால் என்ற எரிபொருள் பீப்பாய்கள். எதிரே வந்தது நார்வே கப்பல் இமோ. துறைமுகத்தின் குறுகலான கால்வாயில் காலை 8.45 வாக்கில் இரண்டும் மோதின. பீப்பாய்கள் உடைந்து பென்சால் ஓடித் தீப்பிடித்தது. எரிகிற கப்பலை வேடிக்கை பார்க்க ஜனங்கள் கரைக்கு ஓடி வந்தார்கள், வீட்டில் இருந்தவர்கள் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். 9.04க்கு வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள், 9,000 பேர் காயம். ஜன்னலில் நின்றவர்களில் நூற்றுக்கணக்கானோருக்குக் கண் போயிற்று. கப்பலின் நங்கூரத் துண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழுந்தது. மறுநாள் பனிப்புயல் வேறு. இன்னொரு விஷயம், இந்த இமோ கப்பல் 1889இல் கட்டியபோது ரூனிக் என்ற பெயரில் ஒயிட் ஸ்டார் கம்பெனிக்காக, பெல்ஃபாஸ்டில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் தளத்தில் கட்டப்பட்டது. டைட்டானிக்கின் அதே கம்பெனி, அதே கட்டுந்தளம்.

இந்தப் பகுதியில்தான் அப்பா நின்றுவிட்டார். அவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ராமேஸ்வரம் பாதையில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மோர்ஸ் தந்திக் கருவி, ஒரு கடிகாரம், ஒரு பேனா. வின்ஸ் கோல்மன் என்ற ரயில்வே ஊழியருடையவை. ரிச்மண்ட் நிலையத்தில் ரயில்களை அனுப்பும் பொறுப்பில் இருந்தவர். எரிகிற கப்பலில் என்ன இருக்கிறது என்று ஒரு மாலுமி வந்து சொன்னதும் எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள், கோல்மனும் கிளம்பினார். ஆனால் செயிண்ட் ஜான் நகரத்திலிருந்து இரவு முழுக்க ஓடி வந்த பயணிகள் ரயில் வந்துகொண்டிருந்தது, அதில் சுமார் 300 பேர். அவர் திரும்பிப் போய்க் கருவி முன்னால் உட்கார்ந்தார். ரயிலை நிறுத்துங்கள், துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் எரிகிறது, வெடிக்கப் போகிறது, இதுவே என் கடைசிச் செய்தியாக இருக்கும், வருகிறேன் நண்பர்களே என்ற பொருளில் அனுப்பினார். அங்கேயே இறந்தார். அந்த ரயில் எப்படியும் தாமதமாகத்தான் வந்தது, அதனால் தந்தி இல்லாமலே தப்பியிருக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் பாதை நெடுக இருந்த நிலையங்களுக்கு அந்தச் செய்திதான் முதலில் போய்ச் சேர்ந்தது, உதவி ரயில்கள் சீக்கிரம் கிளம்பியது அதனால்தான்.

விளக்கப் பலகையை நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். வலது கை நடுவிரல் தானாகத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது, கட கட்டு, கட கட்டு என்று. டிரெய்னிங்கில் அவர் மோர்ஸ் படித்தது எனக்குத் தெரியும், விரல் மறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “அறுபத்தி நாலுல தனுஷ்கோடி பாசஞ்சருக்கு இப்படி ஒருத்தர் கிடைக்கலையே” என்றார். 1964 டிசம்பர் 22 இரவு, புயலில் சிக்னல் வேலை செய்யாமல் நின்று, பிறகு இருட்டில் மெல்ல நகர்ந்த அந்த ரயிலை அலை அடித்துக்கொண்டு போனபோது அவருக்குப் பதினான்கு வயது. கம்பி எல்லாம் அறுந்து கிடந்தது, தந்தி கொடுக்க ஆள் இருந்தாலும் போயிருக்காது. இதை அவர் எங்களிடம் அதற்கு முன்னால் பேசியதே இல்லை. பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அங்கே வேலை பார்க்கும் ஒரு வயதான அம்மா, அப்பா ரயில்வேக்காரர் என்று தெரிந்ததும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அரை மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். நடுவில் நான் மொழிபெயர்த்தேன். வேறு எந்த அருங்காட்சியகத்திலும் எனக்கு இப்படி நடந்ததில்லை.

டைட்டானிக் பகுதியில் பார்த்த கித்தான் பை நினைவிருக்கிறதா? 1917இல் அதே முறையைத்தான் திரும்ப எடுத்தார்கள். செபுக்டோ சாலைப் பள்ளிக்கூடத்தைப் பிணவறை ஆக்கினார்கள். ஒவ்வொரு உடலுக்கும் எண், அதே எண்ணில் பை, அடையாளக் குறிப்பு. பொறுப்பில் இருந்தவர் ஆர்தர் பார்ன்ஸ்டெட், ஜான் பார்ன்ஸ்டெட்டின் மகன். ஐந்தரை வருடத்துக்கு முன்னால் ஊர் தெரியாத யாரோ நூற்றுக்கணக்கானோருக்காகத் தந்தை கண்டுபிடித்த வழியை, மகன் தன் சொந்த ஊர்க்காரர்களுக்காக, அண்டை வீட்டுக்காரர்களுக்காக, பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்ய வேண்டி வந்தது. இந்த இரண்டு பகுதியையும் ஒரே கூரைக்குக் கீழே பார்த்தால்தான் இது உறைக்கும், தனித்தனியாகப் படித்தபோது எனக்கு உறைக்கவே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேபிள் தீவுப் பகுதி நன்றாக இருக்கிறது; மணல் மேடு மாதிரி இருக்கிற அந்தத் தீவைச் சுற்றி 350க்கு மேற்பட்ட கப்பல்கள் உடைந்திருக்கின்றன. வடக்கே நியூஃபவுண்ட்லாந்துக் கரையும் அப்படித்தான். டைட்டானிக்கின் அபாயச் செய்தியைக் கேட்ட கேப் ரேஸ் நிலையம் அங்கேதான், 1986 ஆகஸ்டில் 155 ஈழத்தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்து கிடந்தபோது மீனவர்கள் காப்பாற்றியதும் அந்த முனைக்குப் பக்கத்தில்தான். வெளியே கரையில் அகேடியா என்ற 1913ஆம் ஆண்டுக் கப்பலைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள், வெடி விபத்தன்று துறைமுகத்தில் இருந்து தப்பியது, கோடையில் ஏறிப் பார்க்கலாம். ஏணி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயிருந்து பார்ப்பது நல்லது. கட்டணம் பருவத்துக்குப் பருவம் மாறும், போகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாகக் கல்லறைத் தோட்டம். அருங்காட்சியகம் பார்த்துவிட்டு ஃபேர்வியூ லான் போகாமல் திரும்பாதீர்கள். ஹாலிஃபாக்ஸுக்கு வந்த 209 உடல்களில் 59ஐச் சொந்தக்காரர்கள் எடுத்துப் போக, 150 பேரை இந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்: ஃபேர்வியூவில் 121, கத்தோலிக்கர்களின் மவுண்ட் ஆலிவெட்டில் 19, யூதர்களின் பாரன் டி ஹிர்ஷில் 10. நாங்கள் முதல் நாள் ஒரு தனியார் சுற்றுலா வேனில் போய் ஏமாந்தோம், பெயர் வேண்டாம். பதினைந்து நிமிடம்தான் கொடுத்தார்கள். வழிகாட்டி எல்லோரையும் நேராக ஜே. டாசன் என்ற கல்லுக்குக் கூட்டிப் போய், 1997 படத்தில் வரும் ஜாக் டாசன் இவர்தான் என்கிற மாதிரி சொன்னார். ஜனங்கள் படம் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான், வேன் கிளம்பிவிட்டது. அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பவர் ஜோசஃப் டாசன், டப்ளின்காரர், வயது 23. கொதிகலன்களுக்குத் தள்ளுவண்டியில் நிலக்கரி தள்ளியவர். கப்பல் ஒரு பக்கம் சாயாமல் இருக்கக் கரிக் குவியலைச் சமப்படுத்துவதும் அவர்கள் வேலைதான். அந்தக் கரித் தூசிக்குள் வேலை பார்த்த பையனுக்கு யாரோ ஒரு கற்பனைக் காதலனின் பெயரில் பூ வைக்கிறார்கள். அவர் கதையை அவருக்கே கொடுத்தால் என்ன?

மறுநாள் டாக்சி பிடித்து நாங்களாகவே போனோம். சரிவில் கருங்கற்கள் மூன்று வளைந்த வரிசையாக இருக்கின்றன, மேலிருந்து பார்த்தால் கப்பலின் முகப்பு மாதிரி. பெரும்பாலான கல் ஒரே மாதிரி, ஒயிட் ஸ்டார் கம்பெனி வைத்தது. பெயர், அதே ஒரு தேதி, ஓர் எண். சுமார் 40 கல்லில் பெயர் இல்லை, தேதியும் எண்ணும் மட்டும்தான். மகள் எண்களை உரக்கப் படித்துக்கொண்டே நடந்தாள். டாசன் கல்லில் 227.

குழந்தையின் கல் கொஞ்சம் பெரிதாக, தனியாக நிற்கிறது. பெயர் கண்டுபிடித்த பிறகும் அதில் “அடையாளம் தெரியாத குழந்தை” என்ற பழைய வாசகத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். அடியில் கரடி பொம்மைகள், மழையில் நனைந்து காய்ந்தவை, ஒரு சின்ன ரயில் பொம்மையும் இருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்றார். மகளும் தன் ஷூவின் லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள், முடிச்சு இறுகிப் போயிருந்தது, அப்பா குனிந்து அவிழ்த்துவிட்டார்.